பொம்மைக்கும் நிறுத்துகிறேன்

யோங் பெங்,
நவம்பர் 2

அன்பு மகள் லோஷினிக்கு அம்மா எழுதுவது.

நான் நலமாக இருக்கிறேன் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். அதனால் எழுதிவிட்டேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் பதில் வராது என்று தெரியும். இருந்தாலும் கேட்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? கூச்சிங்கில் எப்போதும் மழையாமே, குடை வைத்திருக்கிறாயா?

போனில் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்புவதெல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. குரல் பதிவு செய்து அனுப்பினேன், அதுவும் அப்படியே கிடக்கிறது. உன்னோடு தங்கியிருக்கும் பிரவீனாதான் மனசு கேட்காமல், "அவ நல்லாத்தான் இருக்கா ஆன்ட்டி, ஆனா போனைப் பார்த்தாலே முகம் மாறிடுது, நீங்க வேணும்னா லெட்டர் போட்டுப் பாருங்க" என்று விலாசம் கொடுத்தாள். போன் என்றால் அணைத்து வைத்துவிடலாம். கடிதம் கதவிடுக்கில் வந்து விழுந்துவிட்டால் குனிந்து எடுத்துத்தானே ஆக வேண்டும்.

லோஷி, ஒன்றை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நீ ஓட்டி வந்த கார் மோதித்தான் அப்பா போனார். இந்த வீட்டுக்கு வருகிற எல்லோரும் அதைச் சொல்லாமல், அன்றைக்கு நடந்தது, அந்தச் சம்பவம் என்று இழுக்கிறார்கள். கேட்டுக் கேட்டு எனக்கு வெறுத்துவிட்டது. நாம் இரண்டு பேரும் அப்படிப் பேச வேண்டாம். போலீஸ் விசாரித்தாயிற்று, கோர்ட்டில் நீ தலை குனிந்து நின்று தவறை ஒப்புக்கொண்டாயிற்று, உன் லைசென்ஸையும் பிடுங்கி வைத்தாயிற்று. எல்லாம் முடிந்த பிறகு நீ கடல் தாண்டிப் போய் உட்கார்ந்துவிட்டாய். எனக்குப் புருஷன் இல்லை. மகளும் இல்லை என்று ஆகிவிடக் கூடாது. தை மாதம் அப்பாவின் முதல் திதி வருகிறது. நீ வர வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

இங்கே செய்தி என்று பெரிதாக இல்லை. துக்க வருஷம் என்பதால் தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. பள்ளிக் கேன்டீன் வேலை அப்படியேதான் போகிறது. மீ கோரெங்கில் காரம் போதவில்லை என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் என்னிடம் சண்டைக்கு வருகிறார்கள். உன் மைவி காரை விற்றாயிற்று. அப்பாவின் பழைய கஞ்சில் கார் மட்டும் போர்ச்சில் நிற்கிறது. வாரத்துக்கு ஒரு தடவை எதிர்வீட்டு அண்ணன் வந்து அதை ஸ்டார்ட் பண்ணி அணைத்துவிட்டுப் போகிறார்.

நின்று போயிருந்த சாலை வேலையை மறுபடி ஆரம்பித்திருக்கிறார்கள். கிளினிக் வரிசையில் நடைபாதை விளிம்பை உடைத்து, சக்கர நாற்காலி ஏறுகிற மாதிரி சரிவு போடும், அப்பா செய்த அதே வேலைதான். காண்ட்ராக்டர் வேறு. இப்போது ஆரஞ்சு போர்டைத் தூரத்திலேயே வைக்கிறார்கள். வேலை நடக்கிற இடத்தில் கொடி பிடிக்க ஆளே நிற்கிறான். ஊருக்குள் நுழைகிற இடத்தில் மட்டும், ஆளுக்குப் பதிலாக மோட்டாரில் கொடி ஆட்டும் ஓர் ஆளுயரப் பொம்மை வைத்திருக்கிறார்கள். நம் சித்தப்பா இல்லை, இது வேறு.

சித்தப்பா என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. எழுதி முடித்துவிடுகிறேன். அப்பா வேலை செய்த இடத்தில் நின்ற பழைய பொம்மையின் துணி மழையில் நைந்து தொங்குகிறது, பார்க்கப் பாவமாக இருக்கிறது என்று அப்பா தன் நீலக் கோடு போட்ட சட்டையை அதற்கு மாட்டிவிட்டு வந்தார். மேலே பளபளக்கும் வெஸ்ட், தலையில் ஹெல்மெட், முகத்தில் இவர் வெயிலுக்குக் கட்டுகிற அதே மாதிரித் துண்டு. தூரத்தில் பார்த்தால் அவரேதான். நீ சோற்றைப் பிசைந்துகொண்டே, "இன்னிக்கு உங்க தம்பியைப் பார்த்தேம்பா, நல்லா கொடி ஆட்டுறாரு" என்றாய். "ஆமா, நம்ம குணாளன் மாதிரியேதான். கையை மட்டும் ஆட்டுவான், வேற ஒரு வேலையும் செய்ய மாட்டான்" என்றார் அவர். நான் சிரித்ததில் எனக்குப் புரையேறியது. அன்றிலிருந்து அந்தப் பொம்மை நம் மூன்று பேருக்கும் சித்தப்பா. காலையில் வேலைக்குப் போகும்போது சித்தப்பாவுக்கு இரண்டு ஹார்ன் அடிக்காமல் நீ அந்த இடத்தைத் தாண்டியதில்லை. குழிக்குள் இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்டதும் அப்பா நிமிர்ந்து, என் மகள் போகிறாள் என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்வாராம்.

அன்றைக்குப் பொம்மையின் மோட்டாருக்குள் மழைத் தண்ணீர் இறங்கிவிட்டது. அதைக் கழற்றி லாரியில் சாய்த்துவிட்டு, அந்த இடத்தில் கொடியோடு அப்பா நின்றார். நீ அது சித்தப்பா என்று நினைத்து, எப்போதும் வருகிற வேகத்திலேயே வந்தாய். பொம்மை காலை எடுத்து வைத்தது என்று போலீசிடம் சொன்னாய். அதற்குப் பிறகு நீ பேசி நான் கேட்டது ரொம்பக் குறைவு.

அம்பிகைபாகன் ஐயாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவரை உனக்கு அவ்வளவாகப் பழக்கம் இல்லை. நில அலுவலகத்தில் எழுத்து வேலைக் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர், சர்க்கரை நோயில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். கிளினிக்குக்குச் சரிவு வேண்டும் என்று நகராட்சி மஜ்லிஸுக்கு விடாமல் நடையாய் நடந்தவர். நடையாய் என்று எழுதிவிட்டேன் பார், அவரே கேட்டால் சிரிப்பார். இல்லை, இப்போது சிரிக்க மாட்டார். அன்றைக்கு வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனைக்காக விடிந்ததும் வந்தவர். அப்பா முதல் நாள் போட்ட சரிவில் சிமெண்டு காயவில்லை, நாளைக்கு ஏறலாம் ஐயா என்று அப்பாவே சொல்லியிருந்தார். அதனால் சாலையில், கோன் ஓரமாகவே நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்திருக்கிறார். முன் சக்கரம் பள்ளத்தில் மாட்டி, வண்டிகள் வருகிற பக்கமாகச் சரிந்தது. அவரைப் பிடிக்கத்தான் அப்பா அந்த அடியை எடுத்து வைத்தார்.

அந்தச் சரிவு எப்போதோ காய்ந்துவிட்டது. ஊரில் எல்லோரும் அதில் ஏறி இறங்குகிறார்கள். ஐயா மட்டும் அந்தப் பக்கமே வருவதில்லை. கோயிலில் பார்த்தபோது ஏன் என்று கேட்டேன். "நான் வெளிக்கிட்டதாலதானே பிள்ளை அவர் போனவர். இனி எனக்கு என்னத்துக்குச் சரிவு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீ ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். இரண்டு பேரும் சேர்ந்து என்னை இந்த ஊரில் தனியாக நிறுத்திவிட்டீர்கள்.

உன் நிஜச் சித்தப்பா ஞாயிற்றுக்கிழமை வந்தான். "திதிக்கு அவ வரவேணாம் அண்ணி, பார்க்கிறவங்க என்ன பேசுவாங்க" என்றான். அவருக்குப் பிள்ளை என்று இருப்பது ஒன்றுதான், எள்ளும் தண்ணீரும் அவள் கையால்தான், உனக்குச் சங்கடமாக இருந்தால் தூர நின்று கையை ஆட்டு என்று சொல்லிவிட்டேன். அவனுக்குப் புரியவில்லை. எனக்கு மட்டும் புரிந்து, உள்ளே போய் அழுதேன்.

இன்னொன்று. சிரிக்காதே. நான் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன். கம்ப்யூட்டர் பரீட்சை பாஸ் பண்ணி, பழகுகிறவர்களுக்கான L லைசென்ஸ் எடுத்துவிட்டேன். இத்தனை வயதுக்கு மேல் எதற்கு என்று கேன்டீனில் கேலி செய்கிறார்கள். இனிமேல் என்னை ஏற்றிப் போக யார் இருக்கிறார்கள்? சொல்லிக் கொடுக்கிற டீச்சர், சிக்கு ஹாயாத்தி, நல்ல மாதிரி. நான் பிரேக்கை மிதித்தால் அவர் நெற்றி கண்ணாடியில் போய் முட்டுகிறது, அப்போதும் திட்டுவதில்லை.

மாரியம்மா உன் கூடவே இருக்கட்டும். பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை, கதவிடுக்கில் விழுந்த இந்தக் காகிதத்தைக் குப்பையில் மட்டும் போடாதே.

உன் அம்மா,
ராசம்மா


யோங் பெங்,
நவம்பர் 28

என் கண்ணு லோஷினிக்கு,

இதை நின்றுகொண்டு படிக்காதே. உட்கார். பிரவீனா வீட்டில் இருக்கிற நேரமாக இருந்தால் நல்லது.

நேற்று டிரைவிங் வகுப்பு. பாலோ பக்கம் போய்விட்டு ஊருக்குள் திரும்பி வந்தோம். ஆரஞ்சு போர்டு தெரிந்ததும் நான் மெதுவாக்கினேன். அந்தப் பொம்மை நின்று கொடியை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தது. எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை, காரை நிறுத்திவிட்டேன். சாலை நடுவில், பொம்மைக்கு முன்னால். சிக்கு சிரித்துக்கொண்டே, "காக், பாத்தோங் லா, ஜாலான்" என்றார். பொம்மைதானே அக்கா, போங்கள் என்கிறார். எனக்குக் கால் வரவில்லை. பின்னால் ஒரு லாரி, அதற்குப் பின்னால் வரிசையாகக் கார்கள், எல்லோரும் ஹார்ன் அடிக்கிறார்கள். நான் அந்தப் பொம்மையின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலை இடத்தில் இருந்து ஒருவர் ஓடி வந்தார். பார்த்தால் நம் வீரமுத்து. அப்பாவோடு மண் தோண்டும் மெஷின் ஓட்டியவர், இப்போது இந்தக் காண்ட்ராக்டரிடம் இருக்கிறார். நான்தான் என்று தெரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, அது பொம்மைதான், பயப்படாம போங்க" என்றார். எனக்கும் தெரியும் வீரமுத்து, ஆனால் பொம்மைதான் என்று நான் எப்படி நம்புவது, நீயே சொல் என்றேன். வேறு எதையும் நினைத்துச் சொல்லவில்லை. அந்த மனிதர் நடுரோட்டில், அத்தனை ஹார்னுக்கும் நடுவே, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். பால் இல்லாமல் தே ஓ கலக்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை. போலீசிடம் அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லையாம். அண்ணன் கொடி காட்டினாரா என்று கேட்டார்கள், காட்டினார் என்றாராம். எப்படிக் காட்டினார் என்று அவர்கள் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுதுகிறேன். "ரெண்டு ஹார்ன் கேட்டுச்சுக்கா. அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தாரு. துண்டுக்கு மேல கண்ணு மட்டும்தான் தெரியுது, அது சிரிக்குது. 'டேய், பாரு, என் மகளை இன்னிக்கு ஏமாத்துறேன்'னாரு. உடம்பை விறைப்பா வச்சுக்கிட்டு, கையைக் கட்டை மாதிரி மேல கீழே, மேல கீழேன்னு ஆட்டினாரு. அசல் பொம்மைதான்க்கா. கிட்ட வந்ததும் கையை விரிச்சுப் பயம் காட்டலாம்னு நெனச்சாரு போல. நானும் மெஷின்ல உட்கார்ந்து சிரிச்சேன். அப்பதான் பின்னால ஐயாவோட நாற்காலி சாஞ்சுச்சு. அண்ணன் விளையாட்டை அப்படியே விட்டுட்டுத் திரும்பினாரு."

அவ்வளவுதான் லோஷி. இதை அவர் இவ்வளவு நாள் நெஞ்சுக்குள் வைத்திருந்தார். செத்துப் போனவர் ரோட்டில் விளையாடினார் என்று சொன்னால், தானாகத் தேடிக்கொண்டான் என்று ஊர் பேசுமே என்று பயந்தாராம். பிறகு நீ கூச்சிங் போய்விட்டாய் என்று கேள்விப்பட்டதும் சொல்லத் தைரியம் வரவில்லையாம். நான் அவரைத் திட்டவில்லை. திட்ட வேண்டியவர் சுவரில் மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

அவர் போன பிறகு உன் அப்பா படத்துக்கு முன்னால் நின்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஏன்யா, உனக்கு விளையாட வேறு இடமே கிடைக்கவில்லையா, பேரன் பேத்தி எடுக்க வேண்டிய வயதில் பொம்மை விளையாட்டா, பிள்ளையை ஏமாற்றணுமா உனக்கு, இப்போது பார், அந்தப் பிள்ளை உன்னைக் கொன்றுவிட்டேன் என்று கடலுக்கு அந்தப் பக்கம் போய்ச் செத்துக்கொண்டிருக்கிறது என்று கத்தினேன். எதிர்வீட்டு அண்ணன் கேட் வரைக்கும் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். கத்தி முடித்ததும் சிரிப்பும் வந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? அந்த மனிதர் அப்படித்தானே. நீ பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரம் பார்த்துக் கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார். நீ பயந்து அலறினால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும். நீ வேலைக்குப் போன பிறகும் அதை விட்டாரா?

இதை உனக்கு எழுதலாமா என்று யோசித்துக்கொண்டே கேன்டீனில் இன்று சம்பலைத் தீய்த்துவிட்டேன். அவர் பெயருக்குக் குறை வந்துவிடுமே என்று ஒரு மனசு. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், உயிரோடு இருக்கிற பிள்ளையைப் பார் என்று இன்னொரு மனசு. அவரிடமே கேட்டிருந்தால், "எழுது, முதல்ல எழுது" என்றுதான் சொல்லியிருப்பார். உன் விஷயத்தில் அவருக்கு என்றைக்கு மானம் மரியாதை எல்லாம் இருந்தது?

உன் மேல் தவறே இல்லை என்று நான் எழுத மாட்டேன். எழுதினால் நீ நம்பவும் மாட்டாய். போர்டு இருந்தது, கோன் இருந்தது, கொடி ஆடியது. பொம்மை ஆட்டினாலும் கொடி கொடிதான், நீ மெதுவாக வந்திருக்க வேண்டும். இந்த ஊரில் ஒருத்தரும் அந்தப் பொம்மைக்கு மெதுவாக்கவில்லை என்பதும் உண்மை. யாருக்கும் எதுவும் ஆகவில்லை, உனக்கு ஆகிவிட்டது. அந்தத் தவறைச் சுமக்கத்தான் வேண்டும். எனக்குத் தெரிந்து நீ நன்றாகவே சுமந்துவிட்டாய்.

ஆனால் நீ இன்னொன்றையும் தூக்கி வைத்திருக்கிறாய். பெற்ற அப்பனைக் கண்ணுக்கு நேரே பார்த்தும் அடையாளம் தெரியாத பிள்ளை நான் என்று. சாவு வீட்டில் அவர் காலைப் பிடித்துக்கொண்டு நீ அதையேதான் சொல்லிச் சொல்லி அழுதாய். நான் கேட்டேன். அதைக் கீழே வைத்துவிடு கண்ணு. நீ அடையாளம் கண்டுபிடிக்கக் கூடாது என்றுதான் அந்த மனிதர் அப்படி நின்றார்.

இன்னும் எழுதினால் கையெழுத்து கோணலாகிவிடும். இந்தக் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கு. தூக்கம் வர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

அம்மா


யோங் பெங்,
டிசம்பர் 30

அன்பு லோஷிக்கு,

போன வாரம் பாத்திரம் கழுவிவிட்டு வந்து போனைப் பார்த்தால், ஒற்றை டிக்காக நின்றதெல்லாம் இரண்டு நீல டிக்காக மாறியிருந்தது. வரிசையாக, மேலே இருந்து கீழே வரைக்கும். குரல் அனுப்பியதையும் கேட்டிருக்கிறாய். அதில் பாதி, வாஷிங் மெஷினை எப்படி நிறுத்துவது என்று கேட்டு அனுப்பியது. ஒரு வார்த்தை நீ எழுதவில்லை. வேண்டாம். ஈரக் கையோடு அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், அது போதும்.

எனக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டது. முதல் தடவை மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது கார் பின்னால் உருண்டு தோற்றுப் போனேன். இரண்டாவது தடவை மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே ஏற்றிவிட்டேன். பரீட்சை வைத்த அதிகாரிக்கு நான் என்ன முனகுகிறேன் என்று புரியவில்லை, பாட்டு என்று நினைத்திருப்பார். கஞ்சிலில், புதிதாக ஓட்டுகிறவள் என்று P ஒட்டியாயிற்று. ஏர்கான் பாதிதான் வேலை செய்கிறது.

லைசென்ஸ் வந்ததும் முதலில் அம்பிகைபாகன் ஐயா வீட்டுக்குத்தான் போனேன். வீரமுத்து சொன்னதை அவருக்கும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து மாட்டினார். பிறகு, கிளினிக்குக்குக் கிளம்புங்கள் என்றேன். மாட்டேன் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அது என் புருஷன் போட்ட சிமெண்டு, ஏறுவதற்காகப் போட்டது, நீங்கள் ஏறாமல் வீட்டில் உட்கார்ந்தால் அந்த மனிதர் அந்த அடியை எடுத்து வைத்ததற்கு என்ன அர்த்தம் என்று சத்தம் போட்டேன். பாவம், வயதானவர், பயந்துவிட்டார். நாற்காலியை மடக்கிக் கஞ்சிலில் திணிக்க நாங்கள் பட்ட பாடு தனிக் கதை.

சரிவுக்குக் கீழே கொண்டுபோய் நாற்காலியை நிறுத்தி, தள்ளட்டுமா என்று கேட்டேன். "தள்ளாதேயும் பிள்ளை, நானே ஏறிப் பார்க்கிறன்" என்றார். ஏறினார். சக்கரம் எங்கேயும் முட்டவில்லை, தட்டவில்லை, அப்படியே வழுவழுவென்று போனது. மேலே போய் நிறுத்தி, திரும்பி என்னைப் பார்த்தார். நான் குனிந்து அந்தச் சிமெண்டைத் தொட்டுப் பார்த்தேன். வெயிலில் சுட்டது.

திதி தை மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. குணாளனிடம் வீரமுத்து நேரில் போய் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அவன் எனக்குப் போன் பண்ணினான். "அண்ணி, எள்ளு நான் வாங்கி வச்சிடுறேன், பாப்பாவை மட்டும் வரச் சொல்லுங்க" என்றான். அவனுக்கும் அண்ணன்தானே.

பிரவீனாவிடம் விமானத்தைப் பார்த்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை செனாய் விமான நிலையத்துக்கு வருகிற விமானம். நீ வருவாயா மாட்டாயா என்று எனக்குத் தெரியாது. நான் வருவேன். ஹைவேயில் இடது ஓரமாக, எல்லோரும் என்னைத் தாண்டிப் போகும்படி ஓட்டிக்கொண்டு வந்து, பயணிகள் வெளியே வருகிற வாசலுக்கு நேராக நிறுத்துவேன். நிறுத்தி, இரண்டு ஹார்ன் அடிப்பேன்.

அந்தச் சத்தம் உனக்கு ஆகாது என்று தெரியும். எனக்கும் ஆகாமல்தான் இருந்தது, சாலையில் யாராவது அடித்தால் காதைப் பொத்திக்கொள்வேன். இப்போது பொத்துவதில்லை. பிரேக் சத்தமும் ஆட்கள் கத்தியதும் அவருக்குக் கேட்டதோ இல்லையோ, அந்த இரண்டு ஹார்ன் கேட்டது. கேட்டு, தன் பிள்ளை வருகிறாள் என்று கண்ணால் சிரித்தார். அது உன்னிடம் இருந்து அவருக்குப் போனது. நான் அடிக்கும்போது நீயும் காதைப் பொத்தாமல் வெளியே வா கண்ணு.

எங்கே இருந்தாலும் நன்றாக இரு. அப்பாவின் ஆசீர்வாதம் உனக்கு உண்டு. என்னுடையதைத் தலையில் கை வைத்துத்தான் கொடுப்பேன், காகிதத்தில் அனுப்ப மாட்டேன்.

உன் அம்மா,
ராசம்மா

பி.கு. வீட்டுக்கு வரும் வழியில் நீ ஓட்ட வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். ஹைவேயில் இரண்டு இடத்தில் வேலை நடக்கிறது, இரண்டிலும் பொம்மை நிற்கிறது. நான் இரண்டுக்கும் நின்றுவிடும் அளவுக்கு மெதுவாக்குவேன். பின்னால் வருகிறவர்கள் ஹார்ன் அடிப்பார்கள், அடிக்கட்டும். நீ மட்டும் என்னை அவசரப்படுத்தாதே.